பாதியில் நின்ற பழைய செடான் காரை முறையாக விற்பது எப்படி

சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கத்துப் பட்டறைகளிலும், ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களின் பின்புறக் கொட்டகைகளிலும், வேலை தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய கார்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் அவை அம்பாசிடராகவோ ஃபியட்டாகவோ இருக்கும். எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கண்ணில் படும். டிங்கரிங் (தகடு வேலை) பாதி முடிந்து ரெட் ஆக்சைடு பிரைமர் பூசப்பட்ட உடல், சக்கரம் கழற்றிக் கட்டையின் மேல் ஏற்றிய அச்சு, லேத்துக்குப் போய்த் திரும்பாத சிலிண்டர் ஹெட், சாக்கில் கட்டிய உதிரிகள் என்று எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான். ஆர்வம் வற்றியதால் நின்றவை குறைவு. செலவு கைமீறியது, குடும்பம் வேறு ஊருக்குப் போனது, வேலை தெரிந்த மேஸ்திரி தொழிலை விட்டது ஆகியவையே பெரும்பாலும் காரணங்களாக இருக்கின்றன. அப்படி ஒரு காரை இனி முடிக்க முடியாது, முடிக்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தவருக்காக இதை எழுதுகிறேன். வாங்க நினைப்பவரும் இதைப் படிக்கலாம். விற்பவர் செய்ய வேண்டியவை எல்லாம் வாங்குபவர் கேட்க வேண்டியவையே.

ஓடும் கார் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும். சாவியைத் திருப்பி, ஒரு சுற்று ஓட்டி, புகையைப் பார்த்து, பிரேக்கை மிதித்தால் அதன் நிலை பாதிக்கு மேல் விளங்கிவிடும். பிரித்துப் போட்ட காருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எது தொலைந்தது, எந்தத் தகடு புதிது, எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே என்ன தெரிந்தது என்பதெல்லாம் விற்பவரின் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நினைவு காகிதத்தில் இறங்காவிட்டால், வாங்க வருபவரின் கண்ணுக்குத் தெரிவது இரும்பு மட்டுமே. அவரும் இரும்பு விலையைத்தான் சொல்வார். ஆகவே, இத்தகைய காரை விற்பதற்கான உழைப்பில் பெரும்பகுதி, தெரிந்ததைத் திரட்டி எழுதிவைப்பதிலேயே இருக்கிறது.

வெளியே போனவற்றைத் திரும்ப வாங்குதல்

முதல் வேலை, காரிலிருந்து கழன்று வெவ்வேறு கடைகளுக்குப் போன பாகங்களை எல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது. ஹெட் லேத்தில் இருக்கும், பம்பர் குரோம் பூசும் கடையில் இருக்கும், ரேடியேட்டர் வேறொருவரிடம் இருக்கும், இருக்கைகள் குஷன் தைப்பவரிடம் துணி கிழிக்கப்பட்ட நிலையில் கிடக்கும். வாங்க வந்தவர், “ஹெட்டு எங்கீங்கண்ணா இருக்குது?” என்று கேட்க, “அது அஞ்சு ரோட்டுல லேத்துல கெடக்குதுங்க, போனா வாங்கிக்கலாம்” என்று பதில் சொன்னால் பேரம் அந்த இடத்திலேயே தளர்ந்துவிடும். லேத்துக்காரருக்கு மீதிப் பணம் தர வேண்டியிருந்தால் கொடுத்து மீட்டுவிடுவதே நல்லது. அந்தத் தொகையைக் காட்டிலும் ஹெட் இல்லாத காருக்கு விலை குறைவது அதிகம்.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பட்டியல் எழுத வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. காரின் பகுதிவாரியாகப் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டு, பெட்டியின் மேல் எழுதியதையே ஒரு நோட்டிலும் எழுதிக்கொள்வது எளிய முறை. உதாரணமாக, நான்காம் எண் பெட்டி இடது முன்கதவுக்கு உரியது என்றால், அதற்கான குறிப்பு இப்படி இருக்கலாம்: “கண்ணாடி ஏற்றி இறக்கும் வைண்டர், இயங்குகிறது, கதவுப் பூட்டு, சாவி இல்லை, உள்கைப்பிடி, கண்ணாடி ஓடும் ஃபெல்ட் சேனல், பழையது, மாற்ற வேண்டும், கீல் போல்ட் 6 இருக்க வேண்டும், 5 உள்ளன.” அந்தக் கடைசித் தொடர்தான் வாங்குபவருக்கு நம்பிக்கை தருவது. இருப்பதைச் சொல்பவரை விட இல்லாததையும் எண்ணிச் சொல்பவரின் பட்டியலை அவர் முழுமையாக ஏற்றுக்கொள்வார்.

பட்டியலில் எதை முன்னால் எழுதுவது என்பதிலும் யோசனை தேவை. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவற்றின் உதிரிகள் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் ஓரளவு கிடைத்துவிடும். அம்பாசிடர் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது, ஃபியட்டின் பிந்தைய வடிவமான பத்மினி 2000 வாக்கில்தான் நின்றது. கிடைக்காதவை சின்னச் சின்ன அலங்காரப் பாகங்களே. கிரில், ஹப் கேப், பானெட்டின் மேல் இருக்கும் சின்னம், பக்கவாட்டு மோல்டிங், டெயில் லாம்ப் கண்ணாடி, ஸ்டீயரிங்கின் ஹாரன் வளையம், மீட்டர் பெட்டி, முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஆகியவை முழுதாக இருந்தால் அவற்றைப் பட்டியலின் தலையில் எழுத வேண்டும். அம்பாசிடர் மார்க் 2-இன் கட்டம் போட்ட கிரில் வளையாமல் இருப்பதே, அதன் எஞ்சின் ஓடுவதை விடச் சிலருக்குப் பெரிய செய்தி. 1950களின் ஃபியட் 1100 கார்களில் முன்கதவுகள் எதிர்த்திசையில் திறக்கும். அந்தக் கதவுகளின் கைப்பிடியும் பூட்டும் பிந்தைய பத்மினியிலிருந்து எடுத்துப் பொருத்தக்கூடியவை அல்ல. ஹெரால்டுக்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல், ஏனென்றால் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த அந்தக் கார்களுக்கான பாகங்களைச் சென்னையின் பழைய உதிரிச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினாலும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது என்பதால், அதன் பின்கதவுப் பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கவும் வழியில்லை.

போல்ட், நட்டு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அம்பாசிடரும் ஹெரால்டும் ஆங்கிலேய வடிவமைப்புகள், அவற்றின் மரைகள் அங்குல அளவில் இருப்பவை. ஃபியட் இத்தாலிய வடிவமைப்பு, அதன் மரைகள் மில்லிமீட்டர் அளவில் இருப்பவை. ஒரே பட்டறையில் இரண்டு கார்களைப் பிரித்திருந்தால் டப்பாக்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு. கலந்த டப்பாவைப் பெருமையாக “எல்லா போல்டும் இருக்கிறது” என்று கொடுப்பதை விட, கழற்றிய போல்ட்டை அதன் துளையிலேயே நட்டுடன் திருப்பி மாட்டி வைப்பது நல்லது. பொருத்தக்கூடிய எதையும் டப்பாவில் விடாமல் காரிலேயே தற்காலிகமாக மாட்டிவிடுவது பொதுவாகவே சரியான வழி. மாட்டிய பாகம் தொலையாது. பொருந்துகிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

வயரிங் தனியாக வெளியே எடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, அது போகும் இடத்தைப் பேனாவால் எழுத வேண்டும். எலி கடித்த கம்பியாக இருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. புது வயரிங் கட்டுபவருக்கு நீளமும் கிளை பிரியும் இடங்களும் அந்தப் பழைய கட்டிலிருந்துதான் தெரியும்.

எதைச் செய்து முடிப்பது, எதைத் தொடாமல் விடுவது

விற்பதற்கு முன் கொஞ்சம் செலவு செய்யத் தயாராக இருப்பவர், அதைக் காரை உருள வைப்பதற்கு மட்டும் செய்யட்டும். நான்கு சக்கரமும் காற்று நிற்கும் டயரும் இருந்து, ஸ்டீயரிங் திரும்பி, கை பிரேக்காவது பிடித்தால், காரை நான்கு பேர் தள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம், வண்டியில் ஏற்றலாம், வாங்குபவர் தன் இடத்தில் இறக்கலாம். கட்டையின் மேல் நிற்கும் உடலுக்கு கிரேன் தேவைப்படும். அந்தச் செலவை வாங்குபவர் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார்.

பெயிண்ட் அடிக்க வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். விற்பனைக்கு முன் அடித்த புதுப் பெயிண்டின் கீழே என்ன இருக்கிறது என்ற சந்தேகம் விவரம் தெரிந்தவருக்கு உடனே வரும். விவரம் தெரியாதவர் ஆறு மாதத்தில் பெயிண்ட் குமிழ் விட்டு எழும்போது ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். பிரைமரோடு நிற்கும் உடல் பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் அது உண்மையைக் காட்டுகிறது. ஆனால் பிரைமர் ஈரத்தை முழுதாகத் தடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் பூசிய தகடு ஏற்காட்டு மூடுபனியில் ஒரு மழைக்காலம் நின்றாலே கீழிருந்து துரு கிளம்பும். விற்க நாளாகும் என்று தோன்றினால் காரைக் கூரையின் கீழ், தரையில் நேரடியாக ஈரம் ஏறாத இடத்தில் வைத்து, தார்ப்பாயை உடலோடு ஒட்டாமல் காற்றோட்டம் இருக்கும்படி மேலே கட்ட வேண்டும்.

உடலைப் பற்றி உண்மையைச் சொல்வது

பழைய செடானின் விலையை முடிவு செய்வது உடலே. அம்பாசிடர், ஃபியட் இரண்டிலும் தனிச் சேஸிஸ் (உடலைத் தாங்கும் அடிச்சட்டகம்) கிடையாது. தளமும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டமும் கூரைத் தூண்களும் சேர்ந்துதான் காரின் பாரத்தைத் தாங்குகின்றன. அந்தப் பக்கச் சட்டம் துருப்பிடித்துப் போனால் கார் நடுவில் தொய்ந்து, கதவின் பின்விளிம்பு சரியாக அமராமல் நிற்கும். ஹெரால்டில் நிலைமை வேறு. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் பகுதி பகுதியாக அதன் மேல் போல்ட் செய்யப்பட்டிருக்கும். முழு முன்பகுதியும் பானெட்டோடு முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அதில் பார்க்க வேண்டியது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகளை; முதலில் அரிப்பது அவைதான்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் ஒரு கொட்டகையில் நான் பார்த்த ஃபியட் 1100 டிலைட்டின் உரிமையாளர், இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி. ஓட்டுநர் பக்க ரப்பர் மேட்டை அவரே தூக்கிக் காட்டினார். குதிகால் ஊன்றும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அப்பளம் போல நொறுங்கி, அதன் ஓரம் பழுப்பும் கறுப்புமாகப் படலம் படலமாக உரிந்திருந்தது. அந்த ஓட்டையைச் சுற்றி, தகடு கெட்டியாகத் தொடங்கும் இடம் வரை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டித் தட்டிப் பார்த்து, ஓசை மாறும் எல்லையை மஞ்சள் சாக்பீஸால் கோடிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்திருந்தார். கதவுகளின் அடிப்பகுதியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் காய்ந்த இலைத்தூளால் அடைபட்டிருந்ததையும், அதனால் உள்தகடு மெலிந்திருப்பதையும் அவரே கைவைத்துக் காட்டினார். அந்தக் காரை வாங்க வந்தவர் துருவுக்காக விலையைக் குறைக்கக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது விலையில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது.

பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிய இடங்களையும் இதே போலக் குறிக்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தை உடலின் மேல் மெதுவாக நகர்த்தினால், தகடு உள்ள இடத்தில் அது இழுக்கும், பட்டி தடித்த இடத்தில் வழுக்கி விழும். சேலத்தில் பட்டறை வைத்திருக்கும் பலர் நாமக்கல், சங்ககிரி லாரி பாடி கட்டும் தொழிலில் கை பழகியவர்கள். தகடு வளைப்பதிலும் வெல்டிங்கிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் லாரிக்குப் பழகிய கை சில நேரம் தடித்த தகட்டைப் பழைய காரின் தளத்தில் வைத்துவிடும். அது பலவீனம் இல்லை என்றாலும் அசல் வடிவமும் இல்லை. எந்தப் பகுதியில் எத்தகைய தகடு வைத்தார், செய்தது கேஸ் வெல்டிங்கா கோ2 வெல்டிங்கா என்று வேலை செய்தவரிடமே கேட்டு எழுதிவைத்தால், அடுத்து வரும் டிங்கருக்கு அது பெரிய உதவி.

கார் எங்கே நின்றிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஏற்காட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனியிலும் சாரலிலும் நின்ற காரில் குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும், பிரேக் டிரம் ஒட்டிக்கொண்டிருக்கும், இருக்கையில் பூஞ்சை இருக்கும். ஆனால் ரப்பரும் டாஷ்போர்டும் நன்றாக இருக்கலாம். சேலம் நகரத்தில் நின்ற கார் நேர்மாறானது. தகடு பிழைத்திருக்கும், வெயில் ரப்பரையும் ரெக்சினையும் வெடிக்க வைத்திருக்கும், அட்டைப் பெட்டியில் வைத்த பாகங்களையும் காகிதங்களையும் கரையான் பார்த்திருக்கும்.

எஞ்சின்

எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஏனென்றால் சேலத்தில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஃபியட்டின் 1089 சி.சி. எஞ்சினும் அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினும் எந்த லேத்துக்கும் புதியவை அல்ல. எஞ்சின் காரிலேயே பூட்டப்பட்டு நின்றிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் “கையால் சுற்றுகிறது” என்று எழுதலாம். திரும்பாவிட்டால் “இறுகியுள்ளது” என்று எழுதலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கியோ, காரைத் தள்ளியோ கட்டாயப்படுத்தித் திருப்பக் கூடாது. போரிங் (தேய்ந்த சிலிண்டரை அகலப்படுத்துதல்) செய்யப்பட்டிருந்தால், அசலை விடப் பெரிதான பிஸ்டன் எத்தனை ஓவர்சைஸ் என்று சொல்வது அவசியம், ஏனென்றால் அடுத்த போரிங்குக்கு இடம் இருக்கிறதா, லைனர் போட வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது. பிஸ்டனின் தலையிலேயே அந்த அளவு பெரும்பாலும் பொறித்திருக்கும்; லேத் பில் இருந்தால் அதையும் இணைக்கலாம்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். அது பிசினாகி கார்புரேட்டர் வரை அடைத்திருக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் கெடுக்கக்கூடியது என்பதால், அவை பழையவையாக இருந்தால் மாற்ற வேண்டியவற்றின் கணக்கில் சேர்த்துச் சொல்வது முறை.

ஆவணங்கள்

ஆர்.சி. (பதிவுப் புத்தகம்) இல்லாத முடிக்காத கார், நடைமுறையில் உதிரிகளின் குவியல்தான். எனவே ஆவணங்களை எடுத்து வைத்துக்கொண்டு, காரில் உள்ள எண்களை அவற்றோடு ஒப்பிட வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தை வயர் பிரஷ்ஷால் மெதுவாகத் துடைத்து, அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. எஞ்சின் எண்ணும் அப்படியே. டாக்சியாக ஓடிய அம்பாசிடர்களிலும் ஃபியட்களிலும் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் மாற்றியது சாதாரணம்; அந்த மாற்றம் ஆர்.சி.-யில் ஏறியிருக்கிறதா என்பது இந்த ஒப்பீட்டில் தெரிந்துவிடும்.

1989-க்கு முன் தமிழ்நாட்டில் பதிவான கார்களில் எம் அல்லது டி என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் இருக்கும். அவற்றில் பலவற்றின் விவரம் கையால் எழுதிய புத்தகத்தில் மட்டுமே இருந்து, வாஹன் என்ற அரசின் கணினிப் பதிவில் ஏறாமல் இருக்கலாம். முதலில் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றித் தருமாறு விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேலையை விற்பவர் தன் பெயரிலேயே முடித்துவிட்டால் காரின் மதிப்பு வெளிப்படையாக உயரும். வங்கிக் கடன் குறிப்பு பழைய புத்தகத்தில் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து அதையும் நீக்க வேண்டும். தந்தையின் பெயரில் இருக்கும் கார் என்றால், அவர் காலமான பிறகு வாரிசு பெயருக்கு மாற்றுவதற்கான படிவம் 31 முதலில். அதன் பிறகே விற்பனை.

சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கார் ஓடும் நிலையில் ஆய்வாளர் முன் நிற்க வேண்டும். பாதியில் நிற்கும் கார் அப்படி நிற்க முடியாது என்பதால், பதிவு காலாவதியான காரை வாங்குபவர் வேலையை முடித்துப் புதுப்பித்த பிறகுதான் பெயர் மாற்றம் நடைமுறையில் கைகூடும். இடைப்பட்ட காலத்தில் பதிவேட்டில் இருப்பது விற்பவரின் பெயரே. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த நாள் வரை கார் சாலையில் ஓட்டப்படாது என்றும், பெயர் மாற்றத்தை இன்ன காலத்துக்குள் முடிப்பேன் என்றும் வாங்குபவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும்.

50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுக்கு மேற்பட்டு, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார், வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணைப் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடி 10 ஆண்டுகள், மறுபதிவுக்கு ரூ.5,000. அப்படிப் பதிவான காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அனுமதி. எனவே 1982 பத்மினியை விண்டேஜ் என்று விளம்பரம் செய்வது தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும். டீசலுக்கு மாறிய 1968 அம்பாசிடரை அப்படிச் சொல்வதும் அவ்வாறே.

விலை

இதுவரை செலவழித்த பில்களைக் கூட்டி விலை வைப்பதுதான் இங்கே பொதுவான வழக்கம். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. கணக்கை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். அதே மாடல், அதே காலத்துக் கார், முழுமையாக ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, அதிலிருந்து மீதமுள்ள வேலைக்கான செலவைக் கழிக்க வேண்டும். கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். முடித்த கார் ரூ.3,50,000 பெறும் என்றால், மீதி டிங்கரிங்குக்கு 70,000, பெயிண்டுக்கு 60,000, இருக்கை மற்றும் உள்வேலைக்கு 35,000, வயரிங், கண்ணாடி, ரப்பர் ஆகியவற்றுக்கு 40,000, எஞ்சின் பூட்டி பிரேக் சரிசெய்ய 45,000 என்று 2,50,000 ஆகிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு லட்சம். எதிர்பாராத செலவின் ஆபத்தை வாங்குபவர் தலையில் ஏற்றுக்கொள்வதால் அதிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 80,000 சுமாருக்கு முடிவது நியாயம். விற்பவர் அந்தக் காரில் 1,80,000 போட்டிருக்கலாம். அந்த வருத்தம் உண்மையானதுதான், ஆனால் அதை விலையில் ஏற்ற வழியில்லை.

காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்பதும், புரோக்கர் கிரில்லையும் மீட்டரையும் மட்டும் தனியாகக் கேட்பதும் நிச்சயம் நடக்கும். உதிரியாக விற்றால் சில நேரம் கூடுதல் தொகை வருவதும் உண்டு. இருந்தாலும் உடலும் ஆவணமும் ஒழுங்காக இருக்கும் காரைப் பிரித்து விற்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். அலங்காரப் பாகங்கள் போன பிறகு மிஞ்சும் உடலை யாரும் எடுக்க மாட்டார்கள், அது நேரே உருக்காலைக்குத்தான் போகும். திரும்பச் செய்ய முடியாத இழப்பு அது. உடல் முற்றிலும் அழிந்து, ஆவணமும் இல்லாத கார் என்றால் மட்டும் அதன் பாகங்கள் வேறு நான்கு கார்களை வாழவைக்கட்டும்.

விளம்பரமும் படங்களும்

விளம்பரம் நீளமாக இருப்பதில் தவறில்லை. மாதிரிக்கு ஒன்று: “விற்பனைக்கு: 1966 ஃபியட் 1100 டிலைட், பெட்ரோல், அசல் எஞ்சின், எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றன. மூன்றாம் உரிமையாளர், பதிவு காலாவதி, கணினியில் ஏற்றப்பட்டுள்ளது. ஏற்காட்டில் கூரையின் கீழ் நின்றது. தளத்தில் இடப்பக்கம் புதுத் தகடு, வலப்பக்கம் செய்ய வேண்டும். எஞ்சின் காரில் இல்லை, 40 ஓவர்சைஸ் போரிங் முடிந்து பூட்டாமல் உள்ளது. கிரில், ஹப் கேப் நான்கு, மீட்டர், கண்ணாடிகள் அனைத்தும் உண்டு. பின் பம்பர், வலது டெயில் லாம்ப் இல்லை. நான்கு சக்கரத்தில் உருளும். பெட்டிவாரிப் பட்டியல் கேட்டால் அனுப்பப்படும்.” இதில் “90 சதவீதம் முடிந்தது”, “சின்ன வேலை மட்டும் பாக்கி” போன்ற தொடர்கள் இல்லை என்பதைக் கவனிக்கலாம். அவை எதையும் சொல்லாத தொடர்கள். தெரிந்தவர் அவற்றைக் கண்டதும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார்.

படங்களைக் காலை வெயிலில், காரை வெளியே தள்ளி எடுக்க வேண்டும். நான்கு மூலைகளிலிருந்து நான்கு, அடிப்பகுதி, தளம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், கதவு இடைவெளிகள், சேஸிஸ் எண் இருக்கும் இடம் (கடைசி இலக்கங்களை மறைத்து), தரையில் விரித்த துணியின் மேல் பரப்பிய உதிரிகள். துருவின் படத்தை முதலிலேயே போடுவது நல்லது. வெகு தூரத்திலிருந்து வருபவர் அதைப் பார்த்த பிறகும் வருகிறார் என்றால், வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்.

ஒப்படைப்பு

பார்க்க வருபவர் தன் மேஸ்திரியை அழைத்து வந்தால் சங்கடப்பட வேண்டாம். வேலை தெரிந்தவர் சொல்லும் குறையை எழுதிக்கொண்டு பட்டியலில் சேர்த்துவிடலாம். அட்வான்ஸ் வாங்கினால் ரசீதில் காரின் எண், மொத்த விலை, மீதி தர வேண்டிய நாள், எடுத்துச் செல்லும் நாள் எல்லாம் இருக்க வேண்டும். ஒரே விற்பனைக்கு ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது; அதற்குக் குறைந்த தொகையானாலும் வங்கி வழியாக வந்தால் பின்னால் எந்தச் சிக்கலும் இல்லை.

காரை எடுத்துச் செல்ல, தட்டையான தளம் கொண்ட ரிக்கவரி வண்டியே சரி. குறிப்பாக ஏற்காட்டிலிருந்து இறக்குவதென்றால் கயிறு கட்டி இழுக்கும் யோசனைக்கு இடமே கொடுக்கக் கூடாது. அடிவாரம் வரையில் உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் இல்லாத கார் பின்னால் வருவது உயிரோடு விளையாடுவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து போக்குவரத்து குப்பனூர் வழியாகத் திருப்பப்படுவதும் உண்டு என்பதால், எந்த வழியில் கனரக வண்டிக்கு அன்று அனுமதி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏற்றும்போது பட்டையை அச்சிலோ சக்கரத்திலோ கட்ட வேண்டும். துருப்பிடித்த பம்பர் தாங்கியில் கட்டினால் முதல் வளைவிலேயே கழன்றுவிடும். கண்ணாடிகளும் கிரில்லும் போர்வையில் சுற்றித் தனியாக வேறொரு வண்டியில் போகட்டும்.

பெட்டிகளை ஏற்றும்போது பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகக் குறியிட்டு, இருவரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். டெலிவரி ரசீதில் நாளோடு நேரமும் இருக்கட்டும். விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ இரண்டு பிரதிகளாகவும், பெயர் மாற்றத்துக்காக இருவரும் கையெழுத்திடும் படிவம் 30-ஐயும் அன்றே நிரப்பிவிட வேண்டும். மாநிலத்துக்குள் நடந்த விற்பனையைப் பற்றி விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வாங்கியவருக்கு 30 நாள். பெயர் மாற்றம் தாமதமாகும் என்று தெரிந்தாலும் படிவம் 29-ஐ ஒப்புகை பெற்றுக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒப்புகை, ஒப்பந்தம், வாங்கியவரின் அடையாளச் சான்று நகல், காரின் கடைசிப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, பரிவாகன் இணையத்தில் புதியவர் பெயர் ஏறும் வரை மாதம் ஒரு முறை எண்ணைத் தேடிப் பார்த்து வர வேண்டும்.